தாயம் ஏழில் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த நிகழ்தகவுப் பாடத்தைப் படித்தேன். நாணயம், பகடை, 52 சீட்டுகள் என்று எல்லாம் பிழையின்றி இருந்தன. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. இஸ்பேட் 13, கிளாவர் 13 என்று மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். பரணில் கிடக்கும் தாயக்கட்டையை நாம் பாடத்துக்குள் கொண்டுவராததில் எனக்குப் பெரிய வருத்தம்.

சென்ற விடுமுறையில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பதினோரு முறை உருட்டியும் தாயம் விழவில்லை, காய் இறங்கவில்லை. "ஒன்று முதல் ஆறு வரை, அப்புறம் பன்னிரண்டு. ஏழு விதம்தானே பாட்டி? ஏழில் ஒரு தடவையாவது தாயம் விழ வேண்டாமா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர் டி'அலம்பர்ட். அத்தனை பெரிய கணித மேதை! அவரும் சமமில்லாத விதங்களைச் சமமாக எண்ணிவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று.

தாளில் கட்டம் போடச் சொன்னேன். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: வெற்றுப் பக்கம், ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 கட்டம். தாயம் என்றால் ஒன்று வெற்றாகவும் மற்றது ஒரு புள்ளியாகவும் விழ வேண்டும். அதற்கு இரண்டே கட்டம். ஆக, எட்டில் ஒன்று. இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே கட்டம், மூன்றுக்கோ நான்கு. விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தவள், "ஏழும் சமமில்லையே பாட்டி!" என்றாள். நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பைக் குறிக்கும் கூறுவெளி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

தாயம் விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. அதைப் பதினோரு முறை பெருக்கினால் 0.23 வருகிறது. அவளுக்கு நேர்ந்தது அப்படியொன்றும் அதிசயமில்லை. பன்னிரண்டாவது உருட்டலிலும் அதே எட்டில் ஒன்றுதான். இத்தனை நேரம் விழாததால் இனி விழுந்தே தீரும் என்பதில்லை. பக்கங்கள் நான்கும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. எங்கள் பித்தளைக் கட்டையோ விளிம்பு தேய்ந்தது. அதனால் நூறு முறை உருட்டிக் குறித்தோம்: தாயம் 14.

அடுத்த மாணவர் பக்கத்தில் தாயக்கட்டைக் கணக்கு ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். பேத்தி போட்ட 16 கட்டத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
காரைக்குடி.