பெட்டி கொழுவினால் லைசன்ஸையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அரிவுவெட்டு வந்துவிட்டால் வயல் ஒழுங்கையிலிருந்து ஏ9 வீதி வரை பெட்டி (டிரெயிலர்) கொழுவிய உழவு இயந்திரங்கள்தான். "கார் லைசன்ஸ் இருக்கு, அது காணும்" என்று ஏறுகிறவர்கள் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்த வகுப்புக்கு நேரே திகதி இருக்கிறதோ அதைத்தான் ஓட்டலாம். பெட்டியோடு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) ஓட்ட ஜி1 வகுப்பு. நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜி. ஜி1 மட்டும் உள்ளவர் நாலு சில்லில் ஏறினால் லைசன்ஸ் இல்லாதவர்தான். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் இதையே.

லீவில் வரும் லண்டன் உறவினர்கள், "அங்கே கரவன் இழுக்கிறனாங்கள்" என்பார்கள். கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் வீட்டு வண்டி. உண்மைதான். 2021 டிசம்பர் 16 முதல் பிரித்தானியாவில் சாதாரண கார் லைசன்ஸோடு 3500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் அது காருக்கு. 750 கிலோவுக்கு மேற்பட்ட கரவனுக்கு அங்கே தனி பிறேக்கும் கட்டாயம். எங்கள் பெட்டிகள் சிலவற்றில் பிறேக் மிதிகட்டை இருக்கும், அதன் கம்பி தளர்ந்து தொங்கும்.

லாண்ட்மாஸ்டரில் ஆளை விழுத்துவது குளக்கட்டுச் சரிவு. மட்டமான தரையில் இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியின் கிளச்சைப் பிடிப்போம். இடது சில்லுக்குப் போகும் இழுவை அறும், வலது சில்லு தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரப்பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கதை தலைகீழ். இடது கிளச்சைப் பிடித்தால் அந்தச் சில்லு கட்டில்லாமல் முந்தி ஓடும், வலது சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், வண்டி வலப்பக்கம் பாயும். சரிவுக்கு முன்பே குறைந்த கியருக்கு மாறி, கிளச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் பார்ப்பது அதைவிட மோசம்.

அடுத்தது பாரம். 60 கிலோ மூட்டை 30 என்றாலே 1800 கிலோ. அதைப் பின்பக்கம் குவித்தால் கொழுக்கி மேலே கிளம்பும், உழவு இயந்திரத்தின் பின்சில்லுக்குப் பிடி போய்விடும். கரவன்காரர் மொத்த நிறையில் 5 முதல் 7 வீதம் கொழுக்கியில் அழுந்தும்படி ஏற்றுவார்கள். 1500 கிலோவுக்கு 75 முதல் 105 கிலோ. எங்களுக்கும் கணக்கு அந்த மாதிரித்தான்: அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருக்க வேண்டும்.

கொழுக்கி ஆணியின் பூட்டுக்கம்பி தொலைந்தால் இரண்டங்குல ஆணியை வளைத்துச் செருகுகிறோம். குழியில் விழுந்து எழும்பும்போது அது நிமிர்ந்து கழன்றுவிடும், பிறகு கொழுக்கி ஆணியும் துள்ளி வெளியே வரும். ஒரு சங்கிலியும் போட்டு வைத்தால் கழன்ற பெட்டி எதிரே வருபவர்மேல் போகாது.

லைசன்ஸ் சோதனையில் பாரப்பெட்டியோடு ஒரு சரிவிலும் இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும் என்று போக்குவரத்து அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உழவு இயந்திரம் திருத்துபவர்,
மாங்குளம்