கல் கொட்டினால் மணல் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி கடற்கரையில் மணல் போனதற்குக் கடலைக் குறை சொல்லக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே கரை அரித்துப் போனது. கொட்டிய கருங்கற்கள் கடற்கரைச் சாலையைக் காத்தன, உண்மைதான். ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் வாரிக்கொண்டு போகிறது. அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, தமிழகப் பகுதியான பொம்மையார்பாளையம் வரை மீனவர் குடியிருப்புகளைத் தொட்டுவிட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிய ஆப்பு வடிவ அமைப்பு ஓரளவு மணல் சேர்த்தது. அதற்கும் தெற்கிலிருந்து மணல் வந்தாக வேண்டுமே! முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொட்டாமல், ஆண்டுதோறும் கடற்கரையின் தென்முனையில் கொட்ட வேண்டும். மீதியை அலையே செய்யும்.

இதை விடாமல் கேட்க நகராட்சி மன்றம் வேண்டும். 2006-க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2014 மழையில் இடிந்த, பிரெஞ்சுக் கால நகராட்சி மாளிகையான மேரி கட்டடத்தைப் பழைய அழகோடு திரும்பக் கட்டிவிட்டோம். அதில் மன்றம் கூட, முதலில் தேர்தலை நடத்துங்கள்.

வாசகர், புதுச்சேரி