கியர்பொக்ஸைக் கழற்ற முதல் இதை வாசி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள சிவா மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். மட்டக்களப்பு வெயிலில் அவவைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே விடாதே. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ஓ.எல். சோதனை நெருங்குகிறது. விடிய நாலரைக்கே எழும்பிக் கணக்குச் செய்கிறாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்திலேயே இருப்பேன். அந்த நேரத்தில்தான் இப்போது எனக்கு யோசிக்கவே முடிகிறது.

இனி உன் அலியன் காரின் விஷயம். "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, பாவிச்சது ஒண்டு எடுத்துப் போடுவம்" என்று கராஜில் சொல்லிவிட்டார்கள், அடுத்த கிழமை முற்பணம் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மச்சான், தயவுசெய்து பொறு. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். என் கண்ணில் பட்டது ஒரு வரிதான்: ஓட்டோ கியர் ஒயிலை நீயே மாற்றின நாள்வரைக்கும் கார் ஒரு குறையுமில்லாமல் ஓடியது என்கிறாய். நேற்றுவரை நன்றாக ஓடிய கியர்பொக்ஸ், நீ அடியில் படுத்து எழும்பிய அன்றைக்கே செத்துப்போகுமா? செத்தது என்று நம்ப முதல், அன்றைக்கு உன் கை பட்ட இடங்களை எல்லாம் ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். போன வருடம் இதே தீர்ப்பை என் கொரோலாவுக்கும் சொன்னார்கள். உனக்கு அதைச் சொல்லவில்லை, வெளியே சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என்னுடையது கொரோலா 121 மொடல், அதுவும் ஓட்டோ கியர் என்று உனக்குத் தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்ப விட்டார்கள். விட்ட பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே இருக்கிற காரைக் கண் மாதிரிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் கியர் ஒயிலையும் பில்டரையும் நானே மாற்றத் தொடங்கினேன். பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் பில்டர், பான் (கியர்பொக்ஸின் அடியில் இருக்கிற ஒயில் தட்டு) கஸ்கெட், சரியான டைப் டி-4 ஒயில் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, பானைக் கழற்றி, உள்ளே இருக்கிற காந்தங்களைத் துடைத்தேன். மைபோலச் சாம்பல் நிறப் பசை மட்டும்தான் இருந்தது. அது கிளச் தட்டுகள் வழமையாகத் தேய்வதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. மூன்று லீற்றர் ஊற்றினேன், ஒயில் அளவு காட்டுகிற கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

அடுத்த நாள் விடிய டி-யில் போட்டால் கார் அசையவில்லை. இரண்டு மூன்று செக்கன் கழித்து, பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு உதறலோடு பிடித்தது. தெகிவளை மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, கார் ஏறவில்லை. பக்கத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, உனக்குச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார்கள். பானைத் திறக்கவில்லை, ஒயிலைத் தொட்டும் பார்க்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விடிய டிப்ஸ்டிக்கைத் திரும்ப இழுத்தேன், இந்த முறை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. கம்பியின் நுனியில் மட்டும் ஒயில், அதுவும் சவர்க்கார நுரை மாதிரிப் பொடிப்பொடிக் குமிழிகளோடு. எனக்கு விளங்கிவிட்டது.

நான் முதல் வைத்திருந்தது ஹொண்டா. அதில் கார் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் கியர் ஒயிலைப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கொரோலாவையும் நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். டொயோட்டாவில் எஞ்சின் ஓட வேண்டும். நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒயிலில் ஒரு பங்கு கீழே பானுக்கு வடிந்துவிடும், கம்பியில் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பிக் குறைவாக விட்டிருக்கிறேன். மூன்று லீற்றர் என்பது ஒயிலை வடிக்கிற ட்ரெயின் நட்டை மட்டும் கழற்றினால் வருகிற கணக்கு. பானையும் பில்டரையும் இறக்கினால் அதைவிடக் கூட வெளியே வரும். வந்த ஒயிலை அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், நான் அளக்காமல் ஊற்றிவிட்டேன். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். நுரையில் அமுக்கம் வராது, அமுக்கம் வராவிட்டால் கிளச் தட்டுகள் இறுக்கிப் பிடிக்காது. வழுக்கினது அதனால்தான். அப்படியே மாதக்கணக்கில் ஓடியிருந்தால் தட்டுகள் உண்மையிலேயே கருகியிருக்கும், கராஜ்காரர் சொன்னதும் உண்மையாகியிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஒயில் விட்டேன், அந்தச் சுணக்கம் போய்விட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, காலி வீதி நெரிசலில் நன்றாகச் சூடானதும் எஞ்சின் லைட் எரிந்தது, கியர் மாறுவதும் தாறுமாறானது. ஆறவிட்டால் சரி, சூடானால் திரும்ப வரும். இந்த இடத்தில்தான் நான் கிட்டத்தட்டக் கைவிட்டேன். ஒரு பிழையைத் திருத்தினதும் இன்னொன்று தலைகாட்டினால், கராஜ்காரர் சொன்னதுதான் சரி என்று மனம் தானாகவே சாய்ந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பிழை இருக்கலாம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வயரிங் பாஸ் ஒருவர் ஸ்கேனரைப் பூட்டினார். பி 0758 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. இரண்டாவது ஷிப்ட் சொலினொயிட்டின், அதாவது கியர் மாற்றுவதற்கு ஒயிலைத் திறந்து மூடுகிற மின் வால்வின், மின்சுற்றில் கோளாறு. "சொலினொயிட் மாத்துவம்" என்றார். வாங்க முதல் அளந்து பார்ப்போம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். கார் சூடாக இருக்கும்போதே கியர்பொக்ஸின் வெளிச் சொக்கட்டில் வைத்தால் முள் அசையவே இல்லை, சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பானைத் திரும்ப இறக்கி, சொலினொயிட்டின் காலிலேயே நேரே வைத்தேன். 13 ஓம். நல்ல சொலினொயிட் 11இலிருந்து 15க்குள் காட்டும். சொலினொயிட்டில் பிழையில்லை! டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு அந்த வயரைப் பின்தொடர்ந்தேன். சிறுவிரல் நகமளவு பிளாஸ்டிக் சொக்கட் ஒன்று, முக்கால்வாசிதான் உள்ளே போயிருந்தது. பில்டரைக் கழற்றும்போது என் கைதான் தட்டியிருக்க வேண்டும். ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டிலும் அதிர்விலும் விலகும். பெருவிரலால் அமத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மச்சான், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வருடமாகிறது, கார் இன்னும் அதே கியர்பொக்ஸில்தான் ஓடுகிறது.

ஆகவே நீ முதலில் காசு செலவில்லாத வேலைகளைச் செய். பதினைந்து இருபது நிமிடம் ஓடிச் சூடாக்கு. ஆனால் டி-யில் போட்டதும் வழுக்கினால் ஓடாதே, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பார். சமமான தரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லாக் கியரிலும் ஒவ்வொரு தரம் போட்டெடுத்து பி-க்குக் கொண்டுவா. எஞ்சினை நிறுத்தாமல் டிப்ஸ்டிக்கைத் துடைத்துத் திரும்ப இழுத்து, சூடு என்று குறித்த இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார். கூடினாலும் பிழைதான், சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து அதே நுரையை உண்டாக்கும். ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு நிறத்தைப் பார், மணந்தும் பார். சிவப்பாக இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. புது ஒயில் ஒரு கிழமைக்குள் கறுத்துக் கருகின மணம் வந்தால், பானில் உலோகத் துண்டுகள் கிடந்தால், கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அதையும் மறைக்காமல் எனக்குச் சொல்.

இன்னும் ஒன்று. என்ன ஒயில் விட்டாய் என்று நீ எழுதவில்லை. வெற்றுப் போத்தல் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, உன் கார்ப் புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிடு. சிவிடி (படியில்லாமல் மாறுகிற ஓட்டோ கியர்) ஒயிலும் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலும் கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், அவசரத்தில் மாறி எடுக்க வாய்ப்பு உண்டு. பில்டரின் பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலே ஒட்டிக்கொண்டிருக்க, புதியதையும் அதன் மேல் வைத்துப் பூட்டினாயா என்றும் யோசி. அப்படியானால் ஒயில் அளவு சரியாக இருந்தாலும் பம்ப் காற்றுத்தான் இழுக்கும்.

கராஜுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் கயிறு கட்டி இழுக்க விடாதே. எஞ்சின் நின்றால் கியர்பொக்ஸின் பம்பும் நின்றுவிடும், சில்லு உருள உருள உள்ளே ஒயில் இல்லாமல் தேயும். முன் சில்லு இரண்டையும் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கிழமை பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. அலியனுக்கு ஒரு பான் கஸ்கெட்டும் ஓ-ரிங்கும் வாங்கி வைக்கிறேன், உன் காரின் சேசி நம்பரை இது கிடைத்த உடனே அனுப்பு. சனிக்கிழமை உதயதேவி ரயிலில் மல்டிமீட்டரோடு வருகிறேன். அதுவரைக்கும் அந்த முற்பணத்தைக் கொடுக்காதே. அம்மாவிடம் நான் வருகிறேன் என்று சொல்லு. சமைக்க வேண்டாம் என்றும் சொல்லு, கண்ணுக்குப் புகை கூடாது.

அன்புடன்,
ரவி