ஒரு பொத்தானுக்காக நிற்கும் ஆம்புலன்ஸ்

அவசர ஊர்திகளுக்கு எச்சரிக்கை விளக்கு தயாரிக்கும் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் பணிமனையிலிருந்து எழுதுகிறேன். ஓடக்கூடிய ஓர் ஆம்புலன்ஸ் இப்போது எங்களிடம் சும்மா நிற்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. கூரை விளக்கிலும் ஒரு எல்.இ.டி. கூடப் பழுதில்லை. கெட்டது ஓட்டுநரின் கைக்கருகே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

திறந்து பார்த்தோம். விளக்கைப் போடும் முதல் பொத்தானின் ரப்பருக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தும் கரிப்பூச்சு முழுக்கத் தேய்ந்துவிட்டது. பக்கத்துப் பொத்தான்கள் புதிது போல இருக்கின்றன. ஒவ்வொரு அழைப்புக்கும் ஓட்டுநர் முதலில் அழுத்துவது அந்த ஒன்றைத்தான். அது முதலில் தேயும் என்பது வடிவமைத்த உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த ரப்பர் தகடு தனியாகக் கிடைக்காது என்கிறீர்கள். பெட்டியும் கிடைக்காது, அந்த மாடல் நின்றுவிட்டது, கூரை விளக்கோடு முழு செட்டாக வாங்குங்கள் என்கிறீர்கள்.

வேறு பெட்டியைப் பொருத்தவும் வழியில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் வரும், எந்த சுவிட்சைப் போட்டாலும் எரியும். இப்போது எல்லாக் கட்டளையும் ஒரே கேபிளில் தகவலாகப் போகிறது. உங்கள் விளக்கு உங்கள் பெட்டியின் பேச்சை மட்டுமே கேட்கும். சாதாரண சுவிட்சை வைத்து ஒப்பேற்றவும் மனம் வரவில்லை. இத்தகைய எச்சரிக்கை விளக்குகளுக்கான ஐ.நா.வின் 65-ஆம் வாகன விதி, விளக்கு ஒரு நொடிக்கு 2 முதல் 4 முறை மின்ன வேண்டும் என்கிறது. பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு வெளிச்சம் உள்ள விளக்குகளும் அதில் உண்டு. இரவில் வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டளை இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. அதைத் தவிர்த்துவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும்.

உதிரிபாகத்தைத் தனியாக விற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. ரப்பர் தகடு, கனெக்டர், சர்க்யூட் பலகை என்று தனித்தனியாக, வண்டி ஓடும் காலம் வரை.

இந்தக் காலத்தில் எதைத்தான் பழுதுபார்க்க விடுகிறார்கள்? பலகையின் மேல் பிசினை ஊற்றி மூடுகிறார்கள், வயரிங் படத்தை ஒளித்து வைக்கிறார்கள். வீட்டுச் சாமான் என்றால் புலம்பிவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம். இந்த வண்டிக்காக யாரோ ஒருவர் மூச்சுத் திணறிக் காத்திருக்கிறார். அது உங்கள் விற்பனைக் கணக்கில் வரவே வராதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. ஒரு மாடலை நிறுத்துவதற்கு முன்பே அறிவியுங்கள். தேவையான பாகங்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம். நீங்களே தயாரிக்க இயலாவிட்டால் வரைபடத்தையாவது வெளியிடுங்கள், செய்யத் தெரிந்தவர்கள் செய்துகொள்வார்கள். இந்தப் பெட்டியின் மாடல் எண்ணும் படங்களும் உங்கள் விற்பனைப் பிரிவில் ஏற்கெனவே இருக்கின்றன. பாகத்தைத் தனியாகத் தருவீர்களா, மாட்டீர்களா என்று எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிமனை மின்பணியாளர் ஒருவர்