சோடியத்துக்குள் ஒளி புகுகிறது, ரவி

அன்புள்ள ரவி,

இங்கே எல்லோரும் நலம். என் போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. அந்தச் சண்டை அப்புறம், முதலில் இதைக் கேள்.

மண்ணெண்ணெயில் போட்டு வைப்போமே சோடியம், கத்தியால் நறுக்கினால் வெட்டிய முகம் பளிச்சென்று மின்னி உடனே மங்கிவிடுமே, அதை ஏறத்தாழ 20 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கியிருக்கிறார்கள். பருமன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் அதன் வழியே ஒளி ஊடுருவுகிறது! 2009இல் வெளியான முடிவு. "போதுமான அளவு அழுத்தினால் எதுவும் உலோகமாகிவிடும்" என்று மூர்த்தியோடு சேர்ந்து அடித்துப் பேசுவாயே, இதற்கு என்ன சொல்கிறாய்? அணுக்களின் உட்பகுதிகள் ஒன்றையொன்று நெருக்க, வெளி எலக்ட்ரான்கள் இடைவெளிகளில் சிக்கிக்கொள்கின்றன. அப்புறம் எங்கே மின்சாரம் கடத்துவது?

இத்தனைக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். எதிரெதிராக இரண்டு வைர முனைகள், நடுவே ஓர் உலோகத் தகடு, அதில் ஒரு நுண்துளை. பொருள் அந்தத் துளைக்குள். வைரத்தின் வழியாகவே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது நைட்ரஜன். 2004இல் 11 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் லேசரால் சூடாக்கி, இரண்டிரண்டு அணுக்களை இறுகக் கட்டியிருக்கும் அந்த மும்மைப் பிணைப்பையே உடைத்துவிட்டார்கள். ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு ஒற்றைப் பிணைப்பில் கோத்து, ஒரே வலையாகிவிட்டது. அது பழைய வாயுவாகத் திரும்பும்போது வெளிப்படும் ஆற்றல் பிரம்மாண்டம், மிச்சமும் வெறும் நைட்ரஜன்தான். அழுத்தத்தை எடுத்தால் குலைந்துவிடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1914இல் அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் வெள்ளைப் பாஸ்பரசை அழுத்திக் கறுப்பாக்கினாரே, அது வெளியே எடுத்த பின்னும் அப்படியே நின்றது. வைரமும் நிற்கிறது. நைட்ரஜன் ஏன் நிற்கக் கூடாது?

ஹைட்ரஜனை அழுத்தி உலோகமாக்கும் கதை இன்னும் மோசம். 1935இல் கணித்தார்கள், 2017இல் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள், பலர் ஏற்கவில்லை. கடைசியில் வைரம் உடைந்து, உள்ளே இருந்த ஹைட்ரஜன் துணுக்கும் காணாமல் போயிற்று. எத்தனை லட்சம் அழுத்தம் என்ற போட்டியை விட, எது கைக்கு வந்து நிலைக்கும் என்பதில்தான் இனி உழைப்பு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

படிகங்கள் உன் துறை. எந்த உலோகத்தோடு சேர்த்தால் அந்த நைட்ரஜன் வலை குலையாமல் சாதாரண அழுத்தத்துக்கு வரும்? யோசித்து எழுது. இந்தத் தடவை பதில் வராவிட்டால் நேரில் வந்து கேட்பேன்.

அன்புடன்,
சேகர்