பெரிய வீட்டை இடிக்கிறார்கள்

மாப்ளே,

போன பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் எழுதவில்லை, நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலிதான் போக மாட்டேன் என்கிறது. இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. பெரிய வீட்டை இடிக்கிறார்கள்.

நீ மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட அதே பண்ணையார் வீடுதான், சிரிக்காதே. நேற்று முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன், 58 வயதில் முதல் தடவை. மேஸ்திரி வேறு "வாங்க சார்" என்கிறார்!

தரங்கம்பாடியில் பார்த்த டேனிஷ் கவர்னர் பங்களா மாதிரி உருண்டைத் தூணைப் பார்த்துவிட்டு, உள்ளேயும் வெள்ளைக்காரன் வீடு என்றுதானே நினைத்திருந்தோம்? அதெல்லாம் கலெக்டர் வந்தால் உட்கார வைக்க. வராந்தாவைத் தாண்டினால் ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு என்று நம்ம ஊர் வீடேதான், என்ன, யானை கட்டலாம்.

மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகத் தேக்குக் கட்டை போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, ஆட்கள் வரிசையாக நின்று கட்டையால் அடித்து அடித்து இறுக்கியது. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. மேஸ்திரி ஓங்கிக் குத்தினால் கடப்பாறை எகிறுகிறது. "கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி சார், லேசுல விடாது" என்றார். மனசு கேட்கவில்லை மாப்ளே.

ஏன் கேட்கவில்லை என்று என்மேலேயே எரிச்சல். அந்தத் தளத்தை அடித்தது யார் என்று உனக்குத் தெரியும். என் தாத்தா கொல்லைப்பக்கமாகத்தான் நெல் மூட்டையோடு வருவாராம். நெல் வாங்கப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சின்ன மரக்கால் என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் என்று நில உச்சவரம்பு, 1970-இல் அதுவும் 15. அப்புறம் நெல் கொட்டி வைக்க அவ்வளவு பெரிய பத்தாயத்துக்கு என்ன வேலை?

அது இன்னும் இருக்கிறது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பழைய நெல் வாசனை, பலகை முழுக்கச் சுண்ணாம்பால் கோடு கோடாக மூட்டைக் கணக்கு. தாத்தா சுமந்ததும் அதில் ஏதோ ஒரு கோடு. ரிசார்ட்காரர் ஒருவர் விலை பேசியாயிற்றாம், பாட்டில் அடுக்கவாம்.

ஒரு செங்கல் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில், "இதை எங்கே வைக்கிறது?" என்று காலையிலிருந்து சண்டை.

வெள்ளிக்கிழமை தளத்தில் கை வைக்கிறார்களாம். அதற்குள் பஸ் ஏறு. கதவை நாளைக்கே கழற்றிவிடுவார்கள், நிலை மட்டும் நிற்கும். முன்வாசல் வழியாகவே போகலாம், உன் உயரத்துக்குக் குனியக்கூட வேண்டாம்.