ஜனாஸாவுக்காக எழுந்து நின்ற அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் கவுன்சில், தேசிய ஷூரா சபை, ஊர்தோறும் இருக்கிற பள்ளிவாசல் சம்மேளனங்கள், நம் உரிமைக்காக நீதிமன்றப் படியேறும் சட்டத்தரணிகள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் புத்தளத்தில் இருக்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த இலங்கை அரசின் வர்த்தமானி, கொரோனாவில் மௌத்தானவரின் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, எரித்தே ஆக வேண்டும் என்றது. புதைப்பதாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கே நிலத்தடி நீரைக் காரணம் காட்டினார்கள். மையித்தை (இறந்த உடலை) குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து அடக்குவது உயிரோடிருப்பவர் மேல் உள்ள கடமை. அதைச் செய்ய முடியாமல் போன வீடுகளில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் உயர் நீதிமன்றம் போனீர்கள். கிறிஸ்தவர்களும் மனுப் போட்டார்கள். டிசம்பர் 1ஆம் திகதி அந்த மனுக்கள் முழு விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. அடுத்த வாரமே, பிறந்து 20 நாளான பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் பொரளை மயானத்தில் எரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மயான வேலியில் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகள் தொங்கின. யாரும் அழைப்பு விடுத்ததாக எனக்குத் தெரியாது. சிங்களவர்களும் வந்து கட்டினார்கள். யாரோ இரவோடு இரவாக அவிழ்த்தார்கள், மக்கள் மறுபடி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிவரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தபோது, ஜனாஸா எரிப்பும் அந்தப் பேரணியின் கோரிக்கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வந்த என் உம்மா அதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அந்த மாதம் 25ஆம் திகதி வர்த்தமானி மாறி, அடக்கவும் அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர்.

சரி, இதையெல்லாம் உங்களுக்கே ஏன் திருப்பிச் சொல்கிறேன்? அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நினைவூட்டத்தான். பெயர், திகதி, வைத்தியசாலை, எரிக்கச் சம்மதித்து யார் கையெழுத்து வைத்தார், யார் வைக்க மறுத்தார் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தீர்கள். ஐக்கிய நாடுகள் வரை கொண்டுபோனீர்கள். "பொறுத்துக்கொள்ளுங்கள், இது நேரமில்லை" என்று நம் ஆட்களே சொன்னபோது அதற்கு இணங்கவில்லை.

அதே வார்த்தையை இப்போது நம் பெண்கள் உங்களிடமிருந்து கேட்கிறார்கள்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் திருமணத்துக்குக் குறைந்த வயது கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காழி, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி, அனுமதித்தால் போதும். மணமகள் கையொப்பமிட வேண்டும் என்ற விதி இல்லை, வலியின், அதாவது அவளுடைய ஆண் பொறுப்பாளரின், கையொப்பம் போதும். பெண் காழியாக முடியாது. ஆண் தலாக் சொல்லி விவாகரத்துச் செய்யக் காரணம் வேண்டாம். பெண் பஸஹ் என்ற விவாகரத்தைக் கேட்டால் சாட்சி கொண்டுவர வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போகவும் வழியில்லை, ஏனென்றால் அரசியலமைப்பின் 16(1) பிரிவு பழைய சட்டங்களை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

என் சாச்சியின் (சின்னம்மாவின்) மகளோடு ஒரு காழி விசாரணைக்குப் போயிருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. காழியின் வீட்டுத் திண்ணைதான் நீதிமன்றம். சட்டத்தரணி வர முடியாது என்பது சட்டம். கணவன் பக்கத்தில் நாலு ஆண்கள் பேசினார்கள். அவளுடைய முறை வந்தபோது "வாப்பா எங்கே?" என்று கேட்டார்கள். அவளுடைய வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். பிள்ளைகளின் தாபரிப்புத் தொகையை எழுதிக் காட்டினார்கள், அது பால்மாவுக்கே காணாது. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் என்னிடம், "நான் பேசினதை யாராவது எழுதினாங்களா?" என்று கேட்டாள். யாரும் எழுதவில்லை.

சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆனது, அதுவும் இரண்டாகப் பிளந்து வந்தது. 18 வயது, பெண் காழி என்று ஒரு பக்கம் சொல்ல, மறு பக்கம் அதற்குச் சம்மதிக்கவில்லை. மார்க்கத்தை அந்நியர் கையில் கொடுத்துவிடுவோமோ என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. அளுத்கமையிலும் திகனையிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையைக் கண்ட சமூகத்துக்கு அந்தப் பயம் நியாயமானது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நெருக்கடி இன்னும் மோசம். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ஒரு கவிதைப் புத்தகத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை உள்ளே இருந்தார். ஆனால் அந்தப் பயத்தின் விலையை ஒவ்வொரு முறையும் ஒரே ஆட்களிடமே வாங்குகிறீர்கள். திருத்தம் கேட்டு எழுதிய பெண்கள் என்ஜிஓ காசுக்குப் பேசுகிறார்கள் என்று மேடையில் சொல்லப்பட்டது. அவர்களில் பலர் ஜனாஸா எரிப்புக்கு எதிராக உங்களோடு தெருவில் நின்றவர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. காழி விசாரணைக்குப் போகும் பெண்களின் வாக்குமூலங்களை ஊர் ஊராக எழுதி வையுங்கள், 2020இல் மையித்துகளின் விபரத்தை எழுதியதுபோல. சட்டத் திருத்தம் பற்றி அமைச்சரைச் சந்திக்கப் போகும் குழுவில் அந்தப் பெண்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், பேசவும் விடுங்கள். முதல் கூட்டத்தைப் புத்தளத்தில் வைப்பதென்றால் இடமும் பகல் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. என் சாச்சியின் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.